ஈரக் குழாயும் வெள்ளைப் புகையும்

குழாயைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்க்கும் என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கியாச்சு. விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரிந்தால் என்ன ஏது என்று கேட்பாள். உங்களிடம் சொல்வதற்கு மட்டும்தான் இப்போது எனக்குத் தைரியம் இருக்கிறது.

நீங்கள் கண்ணை மூடின பிறகு சித்தப்பாதான் சூளை மேஸ்திரி. அம்மாவையும் குழாய் சுடுகிற நம் யூனிட்டில் சேர்த்துவிட்டார், சூளை வாயில் விறகு போடுகிற வேலை. பொம்பளைக்கு எதற்கு அந்த வேலை என்று முதலாளி இழுத்தாராம். "எங்க அண்ணன் நின்ன எடத்துல எங்க அண்ணி நிப்பாங்க" என்று சித்தப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். நம் வீட்டில் உலை கொதிப்பது அந்த ஒரு பேச்சால்தான். அதை நான் மறக்கவில்லை அப்பா. மேலே படிக்கும்போது நீங்களும் மறக்க வேண்டாம்.

இப்போது சூளைப் புகைக்குக் கெடு வைத்துவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள், எல்லோருக்கும் கழிவுநீர்க் குழாய் வேண்டும், சூளை ஓய்வதே இல்லை. அடுத்த பொங்கலுக்குள் கரும்புகை பாதியாக வேண்டும், இல்லையென்றால் பூட்டுதான் என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு மத்தியானம் திரும்ப வருகிறார். சூளை நன்றாக எரியும்போதே பார்க்க வேண்டுமாம்.

பள்ளிக்கூடத்திலும் இதே பேச்சு. விறகும் நிலக்கரியும் எரிந்து வருகிற கரியமில வாயு மேலே போய்த் தங்கி, போர்வை மாதிரி பூமியைச் சூடாக்குகிறது என்று அறிவியல் டீச்சர் சொன்னார். செங்கல், சிமெண்ட், ஓடு, குழாய் என்று ஒரு வீடு எழும்புவதற்குள் எவ்வளவு எரிக்கிறோம் யோசியுங்கள் என்றார். பின்னாலிருந்து ஒருத்தி, "ஏண்டி, ஒங்க சூளையாலதான் இவ்ளோ வெயிலா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். பிறகு, புகை வெள்ளையாக வந்தால் பரவாயில்லையா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"கறுப்பாத் தெரியறது கரிம்மா. சூடாக்கறது கண்ணுக்கே தெரியாது" என்றார்.

இன்று சாயங்காலம் அம்மாவுக்கு டீ கொண்டுபோனேன். சூளைக்குள் குழாய் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வெளுத்துக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஒன்றை எடுத்து உங்களைப் போலக் கன்னத்தில் வைத்தேன். ஜில்லென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. நிழலில் இன்னும் ஒரு வாரமாவது காய வேண்டியவை அப்பா.

சித்தப்பா ஒளிக்கவில்லை. ஈரச் சரக்கு உள்ளே இருந்தால், நெருப்பைக் கூட்டினாலும் புகையோடு நீராவி கலந்து வெள்ளையாகத்தான் வருமாம். அதிகாரி திருப்தியாகப் போய்விடுவாராம். அந்த ஈரத்தை ஓட்டுவதற்கென்று கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து இன்னும் ஒரு வண்டி விறகு வந்து இறங்கியிருக்கிறது. புகையைக் குறைத்துக் காட்ட விறகைக் கூட்டி எரிக்கிறோம். டீச்சரிடம் இதை எப்படிச் சொல்வேன்?

"வெடிக்காதா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"மெதுவா, பதமா எரிச்சா வெடிக்காது பாப்பா."

"மத்தியானமே நல்லா எரியணும்னு சொல்லியிருக்காங்களே?"

அவர் அடுத்த குழாயை எடுத்து அடுக்கினார். பிறகு, டீ ஆறிப்போவுது, அண்ணிகிட்ட கொண்டுபோய்க் குடு என்றார்.

உங்கள் இடது கைத் தழும்பு எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு மழைக்காலத்தில் முதலாளி அவசரப்படுத்தி ஈரக் குழாயை ஏற்றவைத்து, உள்ளே படபடவென்று வெடித்து, சூளை வாய் வழியாகத் தெறித்த சில்லு கிழித்தது. நான் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம், பூரான் ஏறுது பாரு என்று பயம் காட்டுவீர்கள். அதே வாயில்தான் நாளைக்கு அம்மா நிற்கப் போகிறாள்.

சோறு போடும்போது அம்மாவிடம் சொன்னேன். உங்க சித்தப்பாவுக்குத் தெரியாததா, படிக்கிற வேலையைப் பார் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே, "முந்தானைய நனைச்சுப் போத்திக்கிறேன், போதுமா?" என்றாள்.

அப்படியென்றால் அவளுக்கும் தெரியும்தானே?

முதலாளியிடம் சொன்னால் சித்தப்பா தலைகுனிய வேண்டும். அதிகாரியிடம் சொன்னால் யூனிட்டைப் பூட்டிவிடுவார்கள். சொல்லாமல் இருந்தால் அம்மா. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். நீங்களாக இருந்தால் ஏற்றியே இருக்க மாட்டீர்கள்.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. நம் யூனிட்டில் மேஸ்திரி வீட்டுப் பெண்பிள்ளை சூடம் கொளுத்தித் தட்டை நீட்டினால்தான் சூளைக்கு முதல் நெருப்பு. சித்தப்பாவுக்குப் பெண்பிள்ளை இல்லை. அதனால் நீங்கள் போன பிறகும் நான்தான் கொடுத்துவருகிறேன். நாளை விடியற்காலையிலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தட்டோடு போவேன். சூடம் கொளுத்த மாட்டேன். சூளைக் கதவைக் கல் வைத்து அடைத்துப் பூசுவது சூடம் காட்டின பிறகுதான், கைக்கெட்டின குழாய் ஒன்றை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன். அதெல்லாம் வெளியே எடுத்துக் காயட்டும், பிறகு கொளுத்துகிறேன் என்பேன். காய்ந்த சரக்குக்கு விறகு குறையும், அதை அதிகாரியிடம் நேராகவே சொல்லுங்கள் என்பேன். திட்டுவார். அடிப்பாரா தெரியவில்லை. இனிமேல் நம் வீட்டுக்கு வராமலே இருந்துவிடுவாரோ? அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம்.

ஆனாலும் கொளுத்த மாட்டேன். நாளைக்கு வருகிற அதிகாரி, கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் சும்மா நிற்கிற புகைபோக்கியைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

காலையில் யார் கேட்டாலும் தட்டைக் கொடுக்க மாட்டேன். கீழேயும் வைக்க மாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம். அம்மாவின் கையில் பூரான் ஏற விடமாட்டேன் அப்பா.

உங்கள் மகள்,
மேஸ்திரி வீட்டுப் பெண்பிள்ளை,
செல்வி