மூன்றாம் படியில் ஓர் ஓட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள நிரூபிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கோழி கிளறியது போல இருக்கிறது என்று விடுதியில் கேலி செய்வாயே, அதே எழுத்துதான். முதலில் மின்னஞ்சல் அனுப்பினேன். நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கல்லூரி முகவரியும் ஓய்வு பெற்றுவிட்டது போலிருக்கிறது, திரும்பி வந்துவிட்டது. எப்படியும் நீ கணக்கைத் தாளில் பார்த்தால்தான் நம்புவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தேற்றத்தில் ஓட்டை. இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படாதது என் மாணவி கண்ணில் பட்டுவிட்டது. உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்பு. எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று அது சொல்லும். நீளமான அம்பு என்றால் அதிக வேகம். ஒரு துகளை எங்கே வைத்தாலும் அம்புகளின் பேச்சைக் கேட்டு நகரும். அது போகிற தடங்கள் எப்படி இருக்கும் என்பதுதான் நம் தேற்றம். மூன்றாம் படியில், துகள் என்றென்றும் ஓடிக்கொண்டிருக்கும் என்று சர்வசாதாரணமாக எழுதி வைத்திருக்கிறோம். பந்தின் மேல் என்றால் சரி, அதற்குப் போக்கிடம் கிடையாது. நம் பரப்போ எல்லையில்லாமல் விரிந்தது. தூரம் போகப் போக அம்புகள் நீண்டுகொண்டே போனால், துகள் வேகம் பிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் பரப்பை விட்டே ஓடிவிடலாம். அதற்கப்புறம் ஓட்டம் ஏது?

அதை நீ சரிபார்த்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?

அந்தப் பெண்ணின் ஆய்வேடு முழுக்க நம் தேற்றத்தின் மேல் நிற்கிறது. செப்டம்பருக்குள் கொடுத்தாக வேண்டும், அதோடு அவள் உதவித்தொகையும் முடிகிறது. துறைத்தலைவி ஆனதிலிருந்து நான் கணக்குப் போடுவதில்லை, கையெழுத்துத்தான் போடுகிறேன். நீ கொஞ்சம் பார்த்துச் சொல்கிறாயா?

அவசரத்தில்,
ரெட்டைச்சுழி


பிப்ரவரி 24

அடி ரெட்டைச்சுழி,

தபால்காரர் மணியடித்தபோது ஏதோ விளம்பரம் என்று நினைத்து, "கதவுக்கடியில தள்ளிட்டுப் போங்க" என்று சமையலறையிலிருந்தே கத்தினேன். அப்புறம் வந்து பார்த்தால் உன் கோழி. நின்றபடியே படித்தேன். அதற்குள் அடுப்பில் பால் மொத்தமும் பொங்கி வழிந்துவிட்டது. விடுதிச் சமையல்காரர் "பால் தீர்ந்துபோச்சும்மா" என்றால் "நிரூபிங்க" என்று வழி மறித்து நின்றவள் நான். இன்று நானே நிரூபித்துவிட்டேன்.

மூன்றாம் படியை நீ சரிபார்த்தாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்! கதவைப் பூட்டியது மற்றவள் என்று நம்பி இரண்டு பேரும் ஊருக்குப் போன கதைதான். நினைத்து நினைத்துச் சிரித்தேன். தனியாகச் சிரித்தால் இந்த வீட்டில் சத்தம் அதிகமாகக் கேட்கிறது.

அவர் போன பிறகு இங்கே எல்லாமே அப்படித்தான். மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறான். "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன்பா." பிறகு யார் முதலில் போனை வைப்பது என்று இரண்டு பேரும் காத்திருப்போம். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் முயற்சி இத்துடன் இருக்கிறது. பரப்பைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறேன். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் துகள் பத்திரமாக இருக்கிறது. பிறகு துண்டுகளை ஒட்டிவிட்டேன். தப்பிருந்தால் விவரமாக எழுது. சுருக்கமாக எழுதினால் எனக்குப் புரியாது, விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறதல்லவா?

உன் அன்பு,
நிரூபி


மார்ச் 20

அன்புள்ள நிரூபிக்கு,

வெட்டினாய் சரி, ஒட்டினாய் சரி. ஆனால் துகள் முதல் துண்டை அரை மணியில் கடந்து, அடுத்ததைக் கால் மணியில் கடந்து, அதற்கடுத்ததை அதிலும் பாதியில் கடந்துகொண்டே போனால்? ஒரு மணி அடிப்பதற்குள் எல்லாத் துண்டுகளையும் தாண்டி ஆள் அம்பேல். படம் போட்டு எழுதியிருக்கிறேன், பின்னால் பார்.

எழுதி முடித்துப் பார்த்தால் ஐந்து பக்கம்! நான் கடைசியாக யாருக்கு ஐந்து பக்கம் எழுதினேன் என்று நினைவில்லை. நிதிக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். ஏன் தாமதம் என்று துணைவேந்தர் கேட்டார். "ஒரு துகள் ஓடிப்போச்சு சார், தேடிட்டிருந்தேன்" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. இங்கே யாரும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

என் மாணவி உன் முயற்சியைப் படித்துவிட்டு, "இவங்க எப்படி மேடம் ஆராய்ச்சிய விட்டாங்க?" என்று கேட்டாள். கல்யாணம் என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது. அப்போது உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த முயற்சியை அனுப்பு.

ரெட்டைச்சுழி


ஏப்ரல் 15

என் அருமை ரெட்டைச்சுழி,

ஐந்து பக்கத்தையும் ஒரே மூச்சில் படிக்காமல் நாளுக்கு ஒன்றாகப் படித்தேன். பலகாரத்தை ஒளித்து வைத்துத் தின்கிற பிள்ளை மாதிரி. நீ போட்ட படம் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஜாதகமாம்மா?" என்றார். ஆமாம், ஒரு துகளோட ஜாதகம், ஆயுசு கொஞ்சம் கம்மி என்றேன்.

கல்யாணத்தால் விடவில்லையடி. அவர் "படி" என்றுதான் சொன்னார். நீ அயல்நாடு போய்விட்டாய். எதிரே உட்கார்ந்து "இது தப்பு" என்று சொல்ல ஆள் இல்லாமல் எனக்குக் கணக்கு ஓடவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இந்த முறை ஓடிப்போகிற புள்ளிகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதிக்கு மட்டும் நிரூபித்திருக்கிறேன். எப்படி இருக்கிறது? நிதானமாகப் பார், அவசரமில்லை.

நிரூபி


ஜூன் 11

அன்புள்ள நிரூபிக்கு,

அவசரம் இருக்கிறது, தாயே. நீ ஒதுக்கிய புள்ளிகள் ஒன்றிரண்டு என்று யார் சொன்னது? பரப்பு முழுவதுமே ஓடிப்போகிற புள்ளிகளாக இருந்தால் உன் மீதியில் என்ன மிஞ்சும்? உதாரணம் ஒன்று கட்டியிருக்கிறேன், மூன்று பக்கம்.

மாணவி துரும்பாக இளைத்துவிட்டாள். காலையில் என் அறை வாசலில் வந்து நிற்கிறாள். "ஏதாவது வந்துச்சா மேடம்?" என்கிறாள். என் தோழி விடமாட்டாள் என்று தைரியம் சொல்லி அனுப்புகிறேன். நானும் ஒருநாள் உட்கார்ந்து முழுதாக யோசிக்க வேண்டும். ஆனால் உன் தாள் வந்ததும் அதில் பிழை தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

ரெட்டைச்சுழி


ஜூலை 8

என் ரெட்டைச்சுழி,

பாவம் அந்தப் பெண். நன்றாகச் சாப்பிடச் சொல்.

இந்த முறை அம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, துகள் வெளியே போகாமல் உள்பக்கம் வளைந்து வரும்படி செய்திருக்கிறேன். சரியாக வருமென்று படுகிறது. வராவிட்டால் எழுது. இங்கே மழை. மாடியில் மூன்று நாளாகத் துணி காயவில்லை. படிக்கட்டில் தபால்காரரின் செருப்புச் சத்தம் எனக்கு இப்போது அத்துப்படி. நம் மாடிக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் இழுத்து நடப்பார். அது நிற்காமல் மேலே போய்விட்டால் அன்றைக்கு எனக்குச் சமைக்கத் தோன்றாது.

எழுதுவாய்தானே?

நிரூபி


அக்டோபர் 3

நிரூபிக்கு,

மாணவி போய்விட்டாள். செப்டம்பர் முடிந்தது, கால நீட்டிப்பு கிடைக்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

நேற்று வகுப்பில் பழைய பாடம் எடுத்தேன். ஒரு வட்டம் போடு. வட்டத்தின் மேல் நடந்துகொண்டே அம்புகள் எப்படித் திரும்புகின்றன என்று மட்டும் பார். ஒரு சுற்று முடிவதற்குள் அம்பு முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், உள்ளே எங்கோ ஓர் இடத்தில் அம்பே இல்லை. எட்டிப் பார்க்கவே வேண்டாம், சுற்றி வந்தாலே தெரிந்துவிடும். பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் மூன்று முயற்சிகளையும் மேசையில் பரப்பினேன்.

முதலில் பரப்பை மாற்றினாய். அடுத்தது, புள்ளிகளை மாற்றினாய். மூன்றாவது, அம்புகளின் திசையை மாற்றினாய். திசை மாறினால் தடமே மாறிவிடும் என்று முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். நீளத்தை மட்டும் நீ தொடவே இல்லை. நம் சிக்கலே அம்பு நீளமாக இருப்பதுதான். யாராக இருந்தாலும் முதலில் அதில்தான் கை வைப்பார்கள். தூரத்து அம்புகளை அதே திசையில் குட்டையாக்கிவிட்டால் துகள் அதே தடத்தில்தான் போகும், மெதுவாகப் போகும், எங்கும் ஓடிப்போகாது. தேற்றம் தடத்தைப் பற்றியது. வேகத்தைப் பற்றி அதற்கு என்ன கவலை? நாலு வரி. எனக்குத் தோன்றாமல் போனதற்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் நீ அந்த இடத்தை அவ்வளவு கவனமாகச் சுற்றி வந்திருக்கிறாய். தெரியாதவளால் அப்படிச் சுற்ற முடியாது.

அந்தப் பெண்ணை உடனே போனில் கூப்பிட்டு நாலு வரியும் சொன்னேன். "அவ்வளவுதானா மேடம்?" என்றாள். மறுபடி வந்து சேர வழி பண்ணுகிறேன் என்றேன். "வேணாம் மேடம். போதும்" என்றாள்.

எப்போது தெரியும் உனக்கு? ஏன்?


அக்டோபர் 25

ரெட்டைச்சுழிக்கு,

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே தெரியும். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தோன்றிவிட்டது. நாலு வரியையும் எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும்விட்டேன். பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். இது போய்ச் சேர்ந்தால் நீ என்ன எழுதுவாய்? "நன்றி. பின்னால் விவரமாக எழுதுகிறேன்." அவர் இறந்தபோதும் அப்படித்தான் ஓர் அட்டையில் எழுதியிருந்தாய். உன் "பின்னால்" எப்போது வரும் என்று எனக்குத் தெரியும்.

உறையைக் கிழித்துவிட்டுத் தப்பாக ஒன்று எழுதினேன். ஐந்து பக்கம் வந்தது.

அந்தப் பெண் வாசலில் வந்து நிற்கிறாள் என்று நீ எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டும் எழுதவில்லை. இன்னும் ஒரே ஒரு கடிதம் வரட்டும், அதற்கப்புறம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அது வந்ததும் இன்னும் ஒன்று என்று தோன்றியது. செப்டம்பர் எப்போது வந்தது என்றே தெரியவில்லை என்று சொன்னால் பொய். நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

எதிரே ஆள் இல்லாமல் கணக்கை விட்டவள் நான். அதையே ஒரு சின்னப் பெண்ணுக்குச் செய்துவிட்டேன். இதற்கு மன்னிப்பு என்று ஒன்று இருந்தால் அது அவளிடம்தான் இருக்கிறது, உன்னிடம் இல்லை. அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், உன் துறை முகவரிக்கு. சேர்த்துவிடு.

இனி உனக்கு அனுப்ப என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. இரக்கப்பட்டு எழுதாதே.

நிரூபி


பிப்ரவரி 19

அன்புள்ள நிரூபிக்கு,

நவம்பரில் எழுதினேன், பதில் இல்லை. புத்தாண்டுக்கு எழுதினேன், அதற்கும் இல்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை. ஆக, கதவுக்கடியில் யாரோ எடுக்கிறார்கள்.

திருத்தம் அச்சாகிவிட்டது. நாலு வரி, இரண்டு பேர் பெயரிலும். உன் கடிதத்தை அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டேன். கிடைத்தது என்று மட்டும் சொன்னாள். நானும் கேட்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. போகும் என்று பார்த்தேன், போகவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. இரக்கமும் இல்லை, மன்னித்தும் விடவில்லை. அதனால் இது இரக்கப்பட்டு எழுதுகிற கடிதம் இல்லை என்று நீ நம்பலாம்.

இங்கே எல்லோரும் நல்லவர்கள். மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்பார்கள். என் தலையில் இரண்டு சுழி இருப்பது இவர்களில் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம். போன வருஷம் உன் தாளில் பிழை தேடிய அந்த மாதங்களில்தான் நான் வீட்டுக்குச் சீக்கிரம் வந்தேன். அதற்கு முன்னும் இல்லை, இப்போதும் இல்லை. தினமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மின்கட்டண ரசீது வருகிறது.

கோபம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நீ எழுது. கணக்கு இல்லை என்றாயே, எதையாவது போடு. தெரிந்தே தப்பாகப் போட்டாலும் சரி, அனுப்பு. எங்கே தப்பு என்று நான் எழுதுகிறேன்.

ரெட்டைச்சுழி