கடுகளவு கண்ணாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சுகம், அம்மாவின் முட்டிவலி மட்டும் அவளைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது. உன் சுகத்தைக் கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது. நீ செய்த இரண்டாவது கருவியைக் கம்பெனியில் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்களாம், பத்து வருஷம் வீண், மாதக் கடைசியில் வேலையை விடப்போகிறேன் என்று செவ்வாய்க்கிழமை நீ அழுததை அம்மா சொன்னாள். போனில் பேசினால் எனக்குப் பாதிதான் வாயில் வரும், அதனால்தான் காகிதம்.

அன்றைக்கு இங்கே நடந்ததைக் கேள். தெருமுனைக் கடையில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே கூச்சல், தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டினவர்கள் ஊருக்கு வெளியே போகிற பெரிய டெலிபோன் கேபிளை வெட்டிவிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் லைனில் செம்புக் கம்பி ஒட்டினவன் நான், கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? அந்தக் காலத்தில் மூன்று நாள் குழிக்குள்ளேயே குடித்தனம், ஊரே திட்டும். பழக்கதோஷம் விடுமா, பாதி வெட்டின தலையும் கழுத்தில் துணியுமாக வீட்டுக்கு ஓடிவந்து, லைன் போச்சு, போனை வை என்று கத்தினேன். அம்மா உன்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். சும்மா இருங்க, பிள்ளை என்னமோ சொல்லுதுன்னு கையாலேயே விரட்டினாள். திரையில் உன் முகம் கொஞ்சம்கூட ஆடவில்லை.

அப்போ வெட்டுப்பட்டது ஏதோ பழைய கேபிள் என்று முடிவு கட்டி, எக்ஸ்சேஞ்சில் இருக்கிற இன்ஜினியரம்மாவைக் கேலி பண்ணலாம் என்று போனேன். அவளோ, இல்லை சார், ஓடிட்டிருந்த கேபிள்தான் போச்சுன்னு சொல்லி, சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியைக் காட்டினாள். அதற்குள்ளே கடுகைவிடச் சின்னக் கண்ணாடிகளாம். இப்போது கேபிளில் பேச்செல்லாம் வெளிச்சமாகத்தான் ஓடுகிறதாம்; ஒரு பக்கம் வெளிச்சம் நின்றால் கண் இமைப்பதற்குள் கண்ணாடி திரும்பி, பாலத்து வழியாகப் போகிற இன்னொரு கேபிளில் வெளிச்சத்தை அனுப்பிவிடுமாம். யார் திருப்பினது என்று கேட்டேன். யாரும் திருப்பலை சார், அதுவே திரும்பிக்கிச்சு என்கிறாள். பெட்டியில் பச்சை விளக்கு மஞ்சளானதுதான் மிச்சம், ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. நான் மூன்று நாள் மண்ணில் கிடந்து பார்த்த வேலை அது!

எந்த மெஷினாக இருந்தாலும் அதன் புத்தகத்தைப் புரட்டாமல் எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியும். வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவர் என்று போட்டு உன் பெயர், அதற்கு முன்னால் என் பெயரின் முதல் எழுத்து. அம்மாடி, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா தலையில் அடிபட்டதோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள், என் தலை இருந்த கோலம் அப்படி. கண்ணாடி, கண்ணாடி என்று நீ மூச்சுக்கு முந்நூறு தரம் சொன்னபோது, கண்ணாடிக் கடை வைக்கப்போறியா என்று கேட்டவன் நான். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

வேலையில் இருப்பதும் விடுவதும் உன் இஷ்டம். எதைச் செய்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும். ஆனால் ஒன்று. யாருக்கும் உதவாத வேலையைச் செஞ்சுட்டேன்மான்னு நீ எப்போது அழுதாய் என்று அம்மாவிடம் கேட்டேன். நான் கத்திக்கொண்டு உள்ளே வந்தேனே, அதற்கு அடுத்த நிமிஷமாம். அப்போது கேபிள் தெருவில் இரண்டு துண்டாகக் கிடந்தது. நீ அழுதது ஒரு சொல் விடாமல் உன் அம்மா காதுக்கு வந்து சேர்ந்தது உன் கண்ணாடி வழியாகத்தான், கண்ணு.

எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. ராஜினாமாக் கடிதம் எழுதுவதாக இருந்தால் இதை இன்னொரு தரம் படித்துவிட்டு எழுது.

இப்படிக்கு,
உன் பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்துக்குச் சொந்தக்காரன்,
அப்பா