உன் குடலுக்கு நான் கொடுத்த ஓய்வு

குடலில் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே சேலம் ஆஸ்பத்திரியில் எனக்குக் கஞ்சி நீட்டினார்கள். அந்த வாசனைக்கு உன் முகம்தான் வந்தது. புண்பட்ட குடலுக்கு ஓய்வு வேண்டாமா என்று டாக்டரோடு சண்டைக்குப் போனேன்.

சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். "சும்மா போட்டா உள்தோல் தேஞ்சு போயிருமுங்க அய்யா. சோறு பட்டாத்தான் குடல் ஹார்மோனுன்னு ஒண்ணை ரத்தத்துல உடும். அதுதான் உள்தோலைத் திரும்ப வளர வெக்கும்."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

அப்போது வெள்ளைக்காரன் போகவில்லை. எருமப்பட்டியில் நாம் குடித்தனம் வைத்து இரண்டு வருஷம். கடலைக்காய் பிடுங்குகிற சமயத்தில் உனக்கு வயிற்றுப்போக்கு கண்டது. வைத்தியர் மூன்று நாள் பட்டினி போடச் சொன்னார். நான் பெரிய மேதாவி, நீட்டினால் இன்னும் நல்லது என்று சீரகத்தண்ணீரிலேயே உன்னைப் போட்டு வைத்தேன். நீ சோறு கேட்டபோதெல்லாம் அதட்டினேன்.

பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தாய். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தாய். என் வைத்தியம் பலித்ததென்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம்தான் கட்டிலுக்கடியில் சட்டியைப் பார்த்தேன். நம் காட்டில் வேலை செய்த பாவாயி, நாலைந்து நாளாக எனக்குத் தெரியாமல் கம்பங்கூழ் கரைத்து உனக்கு ஊட்டியிருக்கிறாள். மிச்சக் கூழை எருமைத்தொட்டியில் கொட்டினேன். அவளை வாசல் மிதிக்காதே என்றேன். தேறி வந்த உடம்பைக் கெடுத்துக்கொண்டாயே என்று உன்னைத் திட்டாத திட்டில்லை. என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது!

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. உங்களைக் கேக்காம இனி ஒரு வாய் திங்கமாட்டேனுங்க."

மறுபடியும் சீரகத்தண்ணீரிலேயே கிடந்து உன் கையும் காலும் குச்சியாய்ப் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நானே கூழ் கரைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் எதைக் கொடுத்தாலும் உன் வயிற்றில் தங்கவில்லை. அதற்கு நாலாம் நாள் போய்விட்டாய்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாதே அய்யா என்று ஆறுதல் சொன்னார். பாவாயிக்குத் தெரிந்திருந்தது. உனக்கும் தெரிந்திருந்தது.

விளையாட்டுக்கு என்னிடம் எத்தனை பொய் சொல்லியிருப்பாய். அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் காப்பாற்றினாய்?