நாலாவது கதிரை

1992 பெப்ரவரி 16, பிளசன்டன், கலிபோர்னியா

மழை. நடக்கப் போகவில்லை. காலையில் மகன் மயூரன் மோல்டோவாவில் கிஷினேவுக்குப் போன் லைன் எடுத்துத் தந்தான். படிக்கப் போன இடத்தில் மோல்டோவாக்காரனைக் கட்டி, அங்கேயே டொக்டராக இருக்கிறாள் என் மகள் பவதாரணி. மருமகன் இயோன் சோவியத் படையில் என்ஜினியர். அந்த நாடே இல்லாமற்போனதால் சீருடையைக் கழற்றிவிட்டு, பேரனோடு மூவரும் இங்கே வருவதாக இருந்தது. இப்போது அவர்களுடைய புது நாடு பாதுகாப்பு அமைச்சு ஒன்று தொடங்கியிருக்கிறதாம். ஆறு மாதம் நின்று உதவு என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள்.

"அப்பா, அங்க இருக்கக் கதிரையே இல்லை. எங்கட சாப்பாட்டு மேசைக் கதிரை நாலில ஒண்டைத் தூக்கிக்கொண்டு போயிட்டார்."

மயூரன் மற்றப் போனிலிருந்து, "அப்ப அமைச்சருக்கு ஆரின்ர வீட்டுக் கதிரையாம்?" என்றான். மூவரும் சிரித்தோம்.

ஊரில் நான் படிப்பித்த பள்ளியில் உயர்தர வகுப்புத் தொடங்கிய வருஷம் பிள்ளைகள் தாங்கள் இருந்து படிக்க வீட்டு வாங்குகளைத்தான் கொண்டுவந்தார்கள். தொடக்கம் என்றால் அப்படித்தான். "நிக்கட்டும் பிள்ளை, ஆறு மாசம்தானே" என்றேன்.

மார்ச் 8

மோல்டோவாவில் ஆற்றுக்கு அக்கரையில், பிரிந்துபோக நிற்பவர்களோடு சண்டையாம். டிவியில் அரை நிமிடம் காட்டினார்கள். லைன் கிடைக்கவில்லை.

மார்ச் 10

கிடைத்தது. இயோனுக்கு மேசை வேலைதான். பழைய படை விட்டுப்போனதில் எத்தனை லொறி, எத்தனை சப்பாத்து தங்கள் பங்கு என்று எண்ணுகிறான். சகோதரர் காணி பிரிப்பது போல. அக்கரையில் துவக்கும் குண்டும் இருக்கின்றன, இக்கரையில் பெயர்ப்பலகை இருக்கிறது என்றாள் பவா.

மயூரன் கத்தினான். "நீயும் பெடியனும் எண்டாலும் வாங்கோ அக்கா. விசா கையில கிடக்கு. அத்தானைப் பிறகு எடுப்பம்."

"அவரை விட்டிட்டோ? விசர்க் கதை கதையாதை."

மே 3

ஆறு மாதத்தில் பாதிதான் போயிருக்கிறது.

ஜூன் 20

பாலம் இருக்கிற ஊரில் பெரிய சண்டை. இயோனை அங்கே அனுப்பிவிட்டார்கள்.

"மேசை வேலை எண்டாயே பிள்ளை?"

"ஓமப்பா. சண்டைக்கு ஆள் காணாதாம்."

பாடமே தொடங்காத பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைத்துவிட்டார்கள்.

ஜூன் 21

'நிக்கட்டும்' எண்டு நான் ஏன் சொன்னேன்? யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவன் நான். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? வாங்கு, கதிரை எண்டு கதை சொல்லிக்கொண்டு — 'வா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.

ஜூன் 27

மணி போகிறது. எடுக்கிறார்களில்லை. மயூரன் வேலைக்குப் போகாமல் டயல் பண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 5

பவா தானாகவே எடுத்தாள். அழவில்லை.

"அப்பா, கதிரையைத் திருப்பிக் கொண்டுவந்து தந்திட்டினம். ரெண்டு பெடியள். புதுச் சீருடை. துடைச்சுத்தான் கொண்டுவந்தவை."

இயோனைப் பற்றி நான் கேட்கவில்லை. பேரன் எங்கே என்று கேட்டேன்.

"அதிலதான் இருக்கிறான். இறங்க மாட்டனாம்."