பின்சக்கரத்தை நானே கழற்றினேன்

மார்ச் 3, ஞாயிறு

வண்டியின் பின்பிரேக் இன்றும் கத்தியது. மனைவி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்டுவிடுகிறது. "அம்மா வந்தாச்சு, பிரேக் சொல்லுது" என்று சிரிக்கிறாள் மகள். இதில் என்ன சிரிப்பு?

மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவனுக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் 'இப்பதான்'. எப்போது போய்க் கேட்டாலும், "இப்பதான் சார் உங்க வண்டில கைய வச்சேன்" என்பான். போன தடவை மூன்று நாள் அதையே சொன்னான். சீட்டின் மேல் அவன் காயப்போட்டிருந்த துண்டுகூட நகரவில்லை. இன்று வாய்த்தகராறு முற்றிவிட்டது. "அவ்ளோ அவசரம்னா நீங்களே கழட்டி மாட்டிக்கங்க சார்" என்றான். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

மாட்டுறேன்டா. மாட்டிக் காட்டுறேன்.

மார்ச் 9, சனி

புது பிரேக் ஷூ ஒரு ஜோடி, ஸ்பேனர் செட் ஒன்று. வாங்கி வந்ததிலிருந்து கை பரபரக்கிறது. ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கினேன், மறுபடி கலைத்து அடுக்கினேன்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் எடுப்பவன் நான். "ஆள் அனுப்பியாச்சுங்க, வந்துட்டே இருக்காங்க" என்று நாள் முழுக்க போனில் சொல்வதுதான் வேலை. அந்த ஆள் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று எனக்கே தெரியாது. பதினெட்டு வருடமாக என் கையால் ஒரு குழாயைக்கூடத் திருகியதில்லை. ஒரு வேலையாவது நானே தொடங்கி நானே முடிக்க வேண்டாமா?

அவளுக்கு இஷ்டமில்லை. "பின்சக்கரம் விளையாட்டில்லங்க. அதுல தினம் நாப்பது கிலோமீட்டர் போயிட்டு வர்றது நான்" என்றாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எதையும் ஒருமுறைதான் சொல்வாள்.

மார்ச் 10, ஞாயிறு

முடித்துவிட்டேன்! ஒரு மணி நேரம் என்று, நான் பார்த்துச் செய்த வீடியோவில் சொன்னான். எனக்கு ஐந்தரை.

வாசலில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். அச்சு நட்டின் குறுக்கே ஒரு கம்பி நுழைத்து, அதன் இரண்டு காலையும் விரித்துவிட்டிருக்கிறார்கள். காட்டர் பின் என்று பெயர். நட் தானாகக் கழலாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதை உருவவே அரைமணி ஆனது. சின்ன சாமான் என்பதால் தொலைந்துவிடக் கூடாதென்று பத்திரப்படுத்தினேன். சக்கரம் வெளியே வந்ததும் உள்ளே கரிச்சட்டி மாதிரி ஒரே கறுப்புத் தூள். ஷூவைப் பிடித்திருந்த ஸ்பிரிங் கையிலிருந்து துள்ளி எதிர்வீட்டுச் சுவரில் போய் விழுந்தது. "அப்பா, ராக்கெட் விடுறீங்களா?" என்று மகள் கேட்டாள். கோபம் வந்தது, சிரித்தும் விட்டேன்.

மாட்டும்போது செயின் இறுகவில்லை, சக்கரம் நேராக உட்காரவில்லை. இரண்டு முறை கழற்றி மாட்டினேன். மூன்றரை மணிக்கு ஒரு சுற்று ஓட்டினேன். சத்தமே இல்லை! 'இப்பதான்' கடை முன்னால் மூன்று தடவை போய்வந்தேன். மூன்றாவது தடவை தலையைத் தூக்கிப் பார்த்தான்.

மார்ச் 11, திங்கள்

"நல்லா பிடிக்குதுங்க" என்றாள், இறங்கியவுடன், நான் கேட்காமலே.

மார்ச் 12, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித் தொலைக்கிறேன்.

எனக்கு மதிய ஷிப்ட் என்பதால் காலையில் துணி துவைக்கப் போட்டேன். ஞாயிறு போட்டிருந்த சட்டையின் பையில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் — காட்டர் பின்.

பத்திரப்படுத்தினேனாம் பத்திரம்! சட்டைப் பையில்!

அவள் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நேற்றும் போய்வந்திருக்கிறாள். பைபாஸில் லாரிக்கும் லாரிக்கும் நடுவில், நட் பாட்டுக்குக் கழன்றுகொண்டே... போன் அடித்தேன். எடுக்கவில்லை. தியேட்டருக்குள் போனால் போன் லாக்கரில்தான் இருக்கும். ஆஸ்பத்திரி எண்ணுக்கு அடித்தேன். "ஆபரேஷன் கேஸ்ல இருக்காங்க சார், வெளிய வந்ததும் சொல்றோம்" என்றது ஒரு குரல். அப்பாடா, போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் திரும்பி வர வேண்டுமே. "எதாவது சொல்லணுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். 'வண்டியை எடுக்க வேண்டாம்' — மூன்றே வார்த்தை. சொன்னேனா? "ஒண்ணுமில்லம்மா, நானே பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

ஏன்டா அப்படிச் சொன்ன? ஏன்?

கட்டிங் பிளேயரையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி ஓடினால் சீக்கிரம் போகலாம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் வண்டி சாதுவாக நின்றது. குனிந்து நட்டைத் தொட்டேன். விரலாலேயே சுற்றியது. ஸ்பேனர் வேண்டாம், விரல் போதும்!

முடுக்கி, துளையைப் பொருத்தி, பின்னைச் செருகி, அதன் காலை விரித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஒரு குச்சி தட்டியது. வாட்ச்மேன். "யோவ், யார் வண்டில கைய வைக்கிற?"

"என் வண்டிதாங்க."

"எல்லாத் திருடனும் இதையேதான் சொல்றான்."

தியேட்டர் சிஸ்டரின் வீட்டுக்காரன் என்று சொல்லி, போனில் வைத்திருந்த ஆர்சி புத்தகப் படத்தில் பெயரைக் காட்டித் தப்பித்தேன். அவளைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். மதிய ஷிப்டுக்கு லீவு சொன்னேன். சாயங்காலம் வந்தவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

தலைவலி என்றேன்.

மார்ச் 13, புதன்

அவள் பஸ்ஸில் போனாள். மழை வரும்போல இருக்கிறதாம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மார்ச் 14, வியாழன்

இன்றும் பஸ். கூட வேலை பார்ப்பவர்களோடு பேசிக்கொண்டே போகலாம் என்கிறாள். ஒருவேளை பிரேக் பிடிக்கவில்லையோ? கேட்கலாம். கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும்?

குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். பின்னைத்தான் மாட்டியாகிவிட்டதே. ஒன்றும் ஆகவில்லையே. பிறகு எதற்குச் சொல்லி, எதற்குக் கலவரம்? ஆபீஸில் ஒரு பெரியவர் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்தார். "ஆள் வந்துட்டே இருக்காங்க" என்றேன். "பொய் சொல்லாதப்பா" என்றார்.

மார்ச் 15, வெள்ளி

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

மார்ச் 16, சனி

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்தபின் அவளே ஆரம்பித்தாள். "திங்கக்கிழமை இவளுக்கு வெளியூர் ஸ்கூல்ல கபடி மேட்ச். பைபாஸ் வழியா நான் வண்டில பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகட்டா?" என்று கேட்டு என் முகத்தையே பார்த்தாள். மகளைப் பார்த்தேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள், ஈரக் கையோடு. அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாம் கொட்டிவிட்டேன்: சட்டைப் பை, போன், பஸ், விரலால் சுற்றிய நட்.

"தெரியும்" என்றாள்.

வாயில் ஈ போயிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

"அன்னிக்கே வாட்ச்மேன் சொல்லிட்டார். 'உங்க வீட்டுக்காரர் வண்டிக்குக் கீழ படுத்து எதையோ மாட்டிட்டுப் போனார் சிஸ்டர்'னு. சொல்வீங்க, சொல்வீங்கன்னு நாலு நாள் பார்த்தேன்."

"பயந்துட்டேன்" என்றேன்.

"தப்பு யாருக்கும் வரும். தியேட்டர்ல கத்தி, கத்திரி, பஞ்சு எல்லாத்தையும் எண்ணி எடுத்து எண்ணி வைப்போம். ஒரு துணி குறைஞ்சா பெரிய டாக்டரே கத்தினாலும் தையல் போட விடமாட்டோம். 'குறையுது டாக்டர்'னு சொல்லியே ஆகணும். அப்படிச் சொல்றதுக்கு எனக்கும் பயமாத்தான் இருக்கும். நீங்க உள்ள வச்சுத் தைச்சுட்டு, தலைவலின்னு படுத்துட்டீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். வெட்கமாக இருக்கிறது. பின்னை மறந்ததற்கு இவ்வளவு வெட்கம் வரவில்லை.

மார்ச் 18, திங்கள்

இருவரும் பஸ்ஸில் போனார்கள். மேட்சில் தோல்வி. அதையும் மகள்தான் சொன்னாள்.

மார்ச் 24, ஞாயிறு

நானே கேட்டேன். "பின்சக்கரத்தை முதல்லேர்ந்து கழட்டி மாட்டுறேன். நீ எண்ணுறியா?"

உள்ளே போனாள். சமையலறையிலிருந்து பெரிய எவர்சில்வர் தட்டோடு வந்து, முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மகளிடம் ஒரு பேனாவும் பழைய காலண்டர் தாளும். நான் கழற்றும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தட்டில் வைக்க வேண்டும்; அவள் திருப்பிச் சொல்வாள்; மகள் எழுதுவாள். "பின் ஒண்ணு." "பின் ஒண்ணு." "அச்சு நட் ஒண்ணு." "அச்சு நட் ஒண்ணு." தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சைக்கிளில் போன 'இப்பதான்', "என்ன சார், ஏலம் விடுறீங்களா?" என்றான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

பதினேழு சாமான். மாட்டி முடிக்கும் நேரத்தில் பதினாறுதான் கணக்கு. ஒரு வாஷர் காணோம். வெயில் ஏறிவிட்டது, முதுகு விட்டுப்போனது. ஒரு வாஷர்தானே, கடையில் கிடைக்காததா என்று நாக்கின் நுனிவரை வந்தது. "ஒண்ணு குறையுது" என்றேன். அவள் எழுந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு தேட ஆரம்பித்தாள். பேப்பரை உதறினோம், சாக்கடை ஓரம் வரை தடவினோம். கடைசியில் என் குதிகாலில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

மார்ச் 25, திங்கள்

பஸ்ஸில்தான் போனாள். நேற்று அவ்வளவு எண்ணியும்! கோபப்படக்கூட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வண்டியைத் துடைத்தேன். துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தேன்.

ஏப்ரல் 6, சனி

முன்பிரேக்கும் தேய்ந்திருந்தது. தனியாகவே உட்கார்ந்து, எண்ணி எழுதிக் கழற்றினேன். மாட்டி முடிக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு அவசர அழைப்பு. ஓடி வந்தாள். பஸ்ஸுக்கு நேரமில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு அவளே கேட்டாள்: "வண்டிய எடுக்கலாமா?"

எடு என்று சொல்ல எப்படித் துடித்தேன்! எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆனால் தாளோடு இன்னும் ஒத்துப் பார்க்கவில்லை.

"வேணாம். எண்ணி முடிக்கல."

என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஆட்டோ பிடிக்க ஓடினாள். அவள் போனபின் எண்ணினேன். சரியாகவே இருந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"எண்ணி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தட்டும் தாளும் வாசலிலேயே இருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.