சரிபார்த்தவர் என்ற இடத்தில்

இன்று காலை எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், உப்பை எடுக்கும் இயந்திரத்தைத் திறந்து, உள்ளே உப்பைப் பிடித்துவைக்கும் ரெசின் மணிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். திருநின்றவூர் போர் தண்ணீருக்கு அது இல்லாவிட்டால் பக்கெட்டெல்லாம் வெள்ளை படிந்துவிடும். மூட்டையிலிருந்து கொஞ்சம் தரையில் சிந்தியது. ஈர ரவை மாதிரி இருந்தது, தேன் நிறத்தில். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். “அது ரெசினு மேடம். இன்னான்னு தெரியாம தொடாதீங்க” என்றார் வேலைக்கு வந்தவர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உன் பக்கம் திரும்பிச் சிரிப்பதற்காக வந்த சிரிப்பு அது. திரும்பினால் லிஃப்ட்தான் இருந்தது.

நம்முடையது வெள்ளை ரெசின். இதைவிடப் பொடி, விலையைக் கேட்டால் மயக்கம் வரும். கும்மிடிப்பூண்டி மருந்துக் கம்பெனியில் நீயும் நானும் ஒரே அறையில் வேலை பார்த்த அந்த வருஷங்களில், பெரிய கண்ணாடிக் குழாயில் அதை நிரப்பி வைத்திருப்போம். நாம் செய்தது சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் ஊறச் செய்யும் ஊசி மருந்து. உயிருள்ள செல்களை வளர்த்து எடுப்பதால் கண்ட கசடும் கூடவே வரும். குழாய்க்குள் விட்டால் மருந்து ரெசினைப் பற்றிக்கொள்ளும், கசடில் பெரும்பகுதி வழிந்து போகும். பிறகு உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பற்றியவை ஒவ்வொன்றாகப் பிடியை விடும். மருந்து விடும் நேரம் பார்த்து வால்வைத் திருப்பி, அதை மட்டும் தனியாகப் பிடிக்க வேண்டும்.

இதை எத்தனை புத்தகத்தில் படித்திருப்பேன்! மனசில் நின்றதென்னவோ நீ சொன்னதுதான். “புதுவாயல்ல ஷேர் ஆட்டோ பாத்துக்கீறியா? கூட்டம் ஏற ஏற, லேசா புடிச்சினு தொங்குறவன் மொதல்ல எறங்கிடுவான். கெட்டியா புடிச்சவன் கடைசில. அவ்ளோதான்டி நம்ம வேல.”

அந்த அறைக்குள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, கண் மட்டும்தான் வெளியே. முதல் நாள் நான் மூச்சு முட்டி நின்றபோது நீ கேலி செய்தாய். “எனக்கு இன்னா கஷ்டம், பழவேற்காட்டுலேர்ந்து புர்கா போட்டுகினுதானே வரேன்.” உன் கண் சிரிப்பதையும் முறைப்பதையும் வைத்துத்தான் உன்னைத் தெரிந்துகொண்டேன்.

ஒருத்தி செய்ய வேண்டும், இன்னொருத்தி பார்க்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம். “மூடினேன்” என்று நான் சொன்னால் “பாத்தேன்” என்று நீ சொல்வாய். செய்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் என்ற இடத்தில் இன்னொன்று. இரண்டும் இல்லாவிட்டால் செய்த வேலை செய்ததாகாது. நாள் முழுக்க நம் பேச்சே அதுதான். என் வீட்டில் யாரும் என்னை அப்படிக் கவனித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்து பம்ப் மறுபடி ஓட ஆரம்பித்ததும், உப்புநீர் தொட்டியைப் பார்க்க நீ அடுத்த அறைக்குப் போனாய். நீ போனதும் திரையில் கோடு சரசரவென்று ஏறியது. மருந்து வெளியே வருகிறது, விட்டால் சாக்கடைக்குப் போய்விடும். “திருப்பினேன்!” என்று கத்திக்கொண்டே வால்வைத் திருப்பினேன். சரியாகத்தான் திருப்பினேன். இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நீ கையெழுத்துப் போட மறுத்துவிட்டாய். அந்த மருந்து நல்லபடியாகப் போனால்தான் என் வேலை நிரந்தரம் என்று மேலதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். உனக்கும் அது தெரியும். கெஞ்சினேன்.

“நான் கத்தினது கேக்கலியா?”

“காதுல விழுந்துச்சு. கண்ணால பாக்கல.”

“என்ன நம்பலியா நீ?”

“உன்ன நம்பறேன்டி. ஊசி போட்டுக்கறவனுக்கு உன்னத் தெரியாதே.”

மருந்தை ஒதுக்கி வைத்தார்கள். என் நிரந்தரமும் அதோடு தள்ளிப்போனது. கடுங்கோபம் எனக்கு. உன்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன வேலையில் பேசாமல் இருக்க வழி ஏது? சாப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அறைக்குள் வந்ததும் “மூடினேன்” என்று உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும். நீயும் ஒரு குறையும் வைக்காமல் “பாத்தேன்” என்பாய். உலகத்தில் இப்படிச் சண்டை போட்டவர்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். ஒருநாள் “பாத்தேன்” என்றதோடு நீ நிறுத்தவில்லை. “உன் மூஞ்சியுந்தான் பாத்துகினே கீறேன். சிரிச்சாதான் இன்னா?” அங்கிக்குள் எனக்கு அழுகை வந்தது, கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. அதோடு என் கோபம் போயிற்று.

பிறகு நான் வேறு கம்பெனிக்குப் போனேன். நீ இருந்தாய், போனில் இருந்தாய். அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு காலையில் உன் தங்கை கூப்பிட்டாள். சென்ட்ரல் வந்து, ரயில் மாறி, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உன் தெருவுக்குள் நுழைந்தபோது ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாரோ பாயை உதறிச் சுருட்டினார்கள். உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒனக்காக எவ்ளோ நேரம் வெச்சினு இருந்தோம் தெரியுமாக்கா? பெரியவங்க இதுக்கு மேல கூடாதுன்னுட்டாங்க. நான்தான் குளிப்பாட்டினேன். தூங்குற மாதிரிதான் இருந்துச்சு மொகம்.”

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அழுதேன், டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினேன்.

தனியாக இருக்கிறேன். காஸை அணைத்தால் “மூடினேன்” என்று சொல்லிவிடுகிறேன், கதவுக்கு “பூட்டினேன்”. சொன்ன பிறகு கொஞ்சம் நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி, யாரோடு பேசுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். நீ இல்லை என்று எல்லாரும் எனக்கு எடுத்துச் சொல்கிறார்கள். அவர்களை நம்பத்தான் செய்கிறேன். ஆனால் உன் பிடிவாதம் முழுசாக என்னிடம் வந்துவிட்டது, என்ன செய்ய? நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீ போனது என் காதில்தான் விழுந்தது.