சிந்த்வின் கரையில் செத்தவள் என் அம்மா

அன்புள்ள கமலா,

இப்படித் தொடங்கவே எனக்கு இஷ்டமில்லை. உன்னை வேறெப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. டைபாய்டு ஜுரத்தில் நீ போய் மூன்று மாதமாகிறது. என் கோபம் மட்டும் போகவில்லை.

நேற்று திண்டிவனத்திலிருந்து உன் அக்கா ரயிலேறி விழுப்புரம் வந்து, உன் டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதக் கட்டை என் தையல் மெஷின் மேல் வைத்தார். "ஜுரத்துலயும் உன் பேரத்தான் சொல்லிக்கினு இருந்தா. நீதான் எட்டிப் பாக்கல" என்றார். ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

ரங்கூனில் பிறந்து, அம்மாவின் பர்மியப் பேச்சில் வளர்ந்தவள் நான். தமிழெல்லாம் அரிசி மில்லிலிருந்து வீடு திரும்பும் அப்பாவோடு பேசுகிற நாலு வார்த்தைதான். ஜப்பான்காரன் சண்டை வந்து, குண்டு விழுந்து, நடந்தே கிளம்பினோம். சிந்த்வின் ஆற்றங்கரையில் அம்மா காலராவில் செத்தாள். குழி தோண்டக்கூட நேரமில்லை. அப்பாவின் ஊரான கோலியனூருக்கு வந்த பிறகு, இருபது வயதில் அரிச்சுவடி வாங்கி எழுத்துக் கூட்டினேன். பர்மாக்காரி என்று சிரித்தார்கள். அம்மாவைப் பற்றி எழுத வேண்டும், அதை இங்கிருப்பவர்கள் படிக்க வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பாடும்.

நாம் சிநேகிதிகள் சேர்ந்து நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்கு எல்லார் கதையையும் நீதான் முத்து முத்தாகப் பிரதி எடுப்பாய். இருப்பது ஒரே பிரதி. திண்டிவனத்தில் ஆறு வீடு, விழுப்புரத்தில் நாலு வீடு சுற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம் வரும். பின்னால் விட்டிருக்கும் வெற்றுப் பக்கங்களில் ஒவ்வொருத்தியும் அபிப்பிராயம் எழுதியிருப்பாள்.

அம்மாவைப் பற்றிய என் முதல் கதை அப்படிச் சுற்றி என் கைக்கு வந்தபோது அதில் சிந்த்வின் இல்லை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், பெண்ணையாற்று வெள்ளத்தில், செல்லம்மா என்று யாரோ ஒருத்தி செத்திருந்தாள். கீழே என் பெயர் இருந்தது. பின்பக்கங்களில் ஒரே பாராட்டு. பர்மாக்காரி எழுதியது என்று சொல்லவே முடியாதாம், அசல் நம்ம ஊர்ப் பெண் எழுதியது போலிருக்கிறதாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த ரயிலிலேயே வந்து உன்னைக் கேட்டேன். நீ நிதானமாகச் சொன்னாய்: "உங்க ஊரு ஆறு இங்க யாருக்குத் தெரியும், தனம்? பெண்ணையாறுன்னாதான் படிச்சிக்கினு அழுவாங்க. உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்."

அங்கே நாங்கள் அம்மாவைப் போட்டுவிட்டு வந்தோம், இங்கே நீயும் அவளைத் தூக்கிப் போட்டுவிட்டாயா என்று கத்திவிட்டு வந்தேன். அதன் பிறகு உன் வீட்டை மிதிக்கவில்லை.

இப்போது கட்டைப் பிரித்தால், அதில் அந்தக் கதைக்கு இன்னொரு பிரதி. உன் கையெழுத்து. சிந்த்வின் இருக்கிறது, காலரா இருக்கிறது, மா சேன் என்று என் அம்மாவின் பெயர் இருக்கிறது. நான் எழுதியதில் ஒரு வரி மாறவில்லை. பின்பக்கத்தில் ஒரே ஓர் அபிப்பிராயம், அதுவும் உன்னுடையது: "இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. இதை வெளியே விட எனக்குத் தைரியமில்லை."

தெரிந்தேதான் செய்தாயா? கதை பிடிக்காமல் மாற்றியிருந்தால்கூட உன்னை மன்னித்திருப்பேன். யாருக்குப் பயந்தாய், பத்து வீட்டுப் பெண்களுக்கா? இந்த இரண்டு வரியை ஒரு கார்டில் எழுதிப் போட்டிருந்தால் நான் வந்திருக்க மாட்டேனா? உன் கட்டிலருகே உட்கார்ந்து சண்டை போடவாவது வந்திருப்பேன். பாவி, அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

இந்தக் கடிதத்தை அந்தப் பிரதிக்கு முன்னால் வைத்துத் தைத்துவிட்டேன். இந்த வாரமே அதே பத்து வீட்டுக்கும் போகும். முதலில் உன் அக்கா படிக்கட்டும். உன் அபிப்பிராயத்தைக் கிழிக்க மாட்டேன், மற்றவர்கள் அதற்குக் கீழே எழுதிக்கொள்ளட்டும். அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, இனி என் கதையில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத,
மா சேன் மகள் தனம்